கொடி வைக்கலாம், மரம் வைக்கக் கூடாது

பெரம்பலூர், அரியலூர் பக்கத்துப் பேச்சில் மானாவாரி நிலத்துக்குக் 'காடு' என்றும் 'கொல்லை' என்றும் பேர். ஊர்த்தெரு வீட்டின் பின்பக்கமும் 'கொல்லை'தான். அங்கே கிணறு இருக்கும், மாட்டுக் கொட்டகை இருக்கும், எலுமிச்சையும் நாலு தென்னையும் நிற்கும். சேரி வீட்டுக்குப் பின்னால் இருப்பதற்கு மட்டும் பேர் கிடையாது. "பின்னாடி" என்போம், அவ்வளவுதான். "பின்னாடி ரெண்டு மொளகாச் செடி நிக்குது பாரு, பறிச்சிக்கிட்டு வா" என்று சொல்லக் கேட்டுத்தான் நான் வளர்ந்தேன்.

பேரில்லாத இந்த இடத்துக்கு ஒரு வரலாறு உண்டா? தலித் வரலாறு என்று நாம் இதுவரை எழுதியவை கூலி, கிணறு, கோயில், சுடுகாட்டுப் பாதை, தீவைப்பு, துப்பாக்கிச் சூடு பற்றியவை. எழுதத்தான் வேண்டும். ஆனால் கூரைமேல் கிடந்த பரங்கிக்காயை நாம் எழுதவில்லை. விவசாய வரலாறு எழுதுகிறவர்களோ நெல்லையும் பருத்தியையும் விட்டுக் கீழே இறங்குவதில்லை. பொம்பளைங்க கையால் விளைந்து, அன்றைக்கே சட்டிக்குப் போய்விட்ட காய்க்கு எந்தக் கணக்கிலும் இடமில்லை. விற்காததற்கு வரி இல்லை, வரி இல்லாததற்கு ஏடு இல்லை.

கடந்த சில வருஷங்களாக மாசி, பங்குனி மாதங்களில் குன்னம், செந்துறை, வேப்பந்தட்டை வட்டாரச் சேரிகளில் வயதானவர்களிடம் இதைப் பற்றியே கேட்டு வருகிறேன். 2011 கணக்கெடுப்புப்படி பெரம்பலூர் மாவட்டத்தில் நூற்றுக்கு 31 பேர் தலித்துகள். அரியலூரில் 23 பேர். இத்தனை பேர் வீட்டுக்குப் பின்னால் என்ன முளைத்தது என்பது சின்ன விஷயமல்ல.

ஏன் மாசி, பங்குனி? பஞ்சாங்கத்தில் இளவேனில் சித்திரையில்தான் தொடங்குகிறது. எங்கள் கரிசலில் அதற்கு முன்னாலேயே வீட்டுக் காய்களின் கதை திரும்பிவிடும். ஆடியில் ஊன்றிய பரங்கியும் சுரையும் அவரையும் தைப் பொங்கலுக்குக் காய்த்து ஓயும். பொங்கல் கூட்டுக்குப் பரங்கியும் அவரையும் மொச்சையும் இல்லாமல் முடியாது, ஆகவே சேரியில் காய் இருந்தால் அன்றைக்கு ஊர்த்தெருவிலும் கேட்டு வாங்குவார்கள். (அந்தக் காய்க்கு மட்டும் தீட்டு கிடையாது என்பதை ஒரு ஆயா சிரித்துக்கொண்டே சொன்னார்.) மாசி பிறந்தால் கொடி காய ஆரம்பிக்கும். முற்றிய காயை உறியில் தூக்கி வைப்பது, விதையை எடுத்துச் சாணத்தில் வைத்துச் சுவரில் அப்புவது, சுரைக் குடுக்கையில் சாம்பலோடு போட்டு மூடுவது எல்லாம் அப்போதுதான். முருங்கை பூக்கும், வேம்பு துளிர்க்கும், புளி உலுக்குவார்கள். தண்ணீர் இருக்கிறவர்கள் வெண்டையும் கொத்தவரையும் வெள்ளரியும் மாசிப் பட்டத்தில் போடுவார்கள். தண்ணீர் இருக்கிறவர்கள் என்பதை அழுத்திப் படிக்க வேண்டும். வடகிழக்குப் பருவமழை மார்கழியோடு முடிந்துவிட்டால், கோடை மழைவரை கரிசல் வெடித்துக் கிடக்கும், கால் விட்டால் கணுக்கால்வரை போகும். அதே மாதங்களில்தான் பருத்தி எடுப்பு. பொழுது விடியுமுன் கிளம்பின பொம்பளைகள் இருட்டியபின் வந்து, குடத்தில் மிச்சமிருப்பதைச் செடிக்கு ஊற்றுவார்கள். எங்கள் பக்கத்தில் 'வசந்தம்' இப்படித்தான் வந்தது.

நான் கேட்ட கேள்வி, என்னென்ன வைத்தீர்கள் என்பதுதான். பதில்களை எழுதிக்கொண்டு வந்தபோது ஒன்று கண்ணில் பட்டது. பரங்கி, சுரை, பீர்க்கு, புடலை, பாகல், அவரை, கோவை. கூடவே மிளகாய், கத்தரி, குப்பைமேட்டுக் கீரை. எல்லாம் கொடியும் செடியும். மா, தென்னை, எலுமிச்சை, கொய்யா என்று யாருமே தங்கள் சிறுவயதுக் கதையில் சொல்லவில்லை. ஏன் ஆயா, மரமே வைக்கலையா என்று கேட்டேன். எண்பதைத் தாண்டிய ஒருவர் சொன்னது இது:

"மரமா? மரம் வச்சா ஆண்டைக்குக் கோவம் வரும்ப்பா. எங்க மாமனாரு எங்கிருந்தோ ஒரு தென்னம்பிள்ள கொண்டாந்து வச்சாரு. மூணாம் நாளே ஆளு வந்து புடுங்கிப் போட்டுட்டான். இன்னைக்கு மரம் வைப்ப, நாளைக்கு எடம் ஒன்னுதும்பன்னு கேட்டான். கொடி வச்சிக்க, ஒண்ணும் சொல்ல மாட்டாங்க. கொடி ரெண்டு மாசத்துல காஞ்சிரும் இல்ல?"

இந்த ஒரு பேச்சில் ஒரு சட்டப் புத்தகமே இருக்கிறது. கொடி சாட்சி சொல்லாது. மரம் சொல்லும். இருபது வருஷம் நின்ற புளியமரத்தை வைத்தவன் யாரென்று ஊரே சொல்லும், கணக்குப்பிள்ளை எழுதுவார், கோர்ட்டு கேட்கும். மனை தன்னுடையதாக இல்லாதவன் மரம் வைப்பது மனைக்கு உரிமை கேட்பதற்குச் சமம். எனவேதான் நம்முடைய தோட்டம் கூரைமேல் ஏறியது. கோழி கிளறாது, ஆடு எட்டாது என்ற காரணங்களும் உண்டு, மறுக்கவில்லை. ஊர்த்தெருக் கூரைகளிலும் பரங்கி படர்ந்தது. ஆனால் அந்தக் கூரைக்குப் பின்னால் கொல்லையும் இருந்தது. நமக்குக் கூரை மட்டும்தான்.

இது ஒரு ஆண்டையின் குணம் சார்ந்த விஷயமில்லை. யார் வீட்டில் எந்த மரம் வைக்கலாம் என்பது நெடுங்காலமாக அதிகாரத்தின் கையிலிருந்தது. இன்றைய அரியலூர் மாவட்டத்தில் இருக்கிற கங்கைகொண்டசோழபுரத்தைத் தலைநகராக்கிய சோழர்களின் காலத்துப் பிரமதேயச் செப்பேடுகளை எடுத்துப் பாருங்கள். பிராமணருக்கு ஊரைக் கொடுக்கும்போது மனையும் மனைப்படப்பையும், மேல்நோக்கிய மரமும் கீழ்நோக்கிய கிணறும் சேர்த்தே கொடுக்கப்படுகின்றன. மனைப்படப்பை என்றால் வீட்டோடு ஒட்டிய தோட்டம். சுட்ட செங்கல்லால் மாடிவீடு கட்டலாம், கிணறு தோண்டலாம், தென்னை வைக்கலாம், அந்தத் தென்னையில் ஈழவர் ஏறக் கூடாது என்றெல்லாம் அவற்றில் சலுகைகள் வரும். சலுகையாக எழுதிக் கொடுக்க வேண்டியிருந்தது என்றால், எழுதிக் கொடுக்கப்படாதவர்களுக்கு அது இல்லை என்றுதானே அர்த்தம்? தஞ்சைப் பெரிய கோயிலில் முதலாம் ராஜராஜன் வெட்டி வைத்த ஊர்க் கணக்குகளில் பறைச்சேரி வருகிறது. எங்கே வருகிறது? வரி வாங்காத இடங்களின் பட்டியலில், குளத்தோடும் வாய்க்காலோடும் சுடுகாட்டோடும் சேர்ந்து. வரியில்லை என்று சந்தோஷப்படுகிறவர்கள் படலாம். அந்த மண்ணில் ஒன்றும் விளையும் என்று யாரும் எதிர்பார்க்கவில்லை என்றும் படிக்கலாம். நான் இரண்டாவது விதமாகத்தான் படிக்கிறேன்.

ஆங்கிலேயன் வந்து இதை மாற்றினான் என்று சொல்லிவிட முடியாது. ஆனால் முதன்முதலாக இது காகிதத்தில் ஏறியது அப்போதுதான். 1891இல் செங்கல்பட்டு ஆட்சியர் திரமென்ஹீர் எழுதிய அறிக்கையைப் பஞ்சமி நிலம் தொடர்பாக நாம் எல்லோரும் மேற்கோள் காட்டுகிறோம். அதில் வயலைப் பற்றி மட்டுமல்ல, குடிசை நிற்கும் மனையைப் பற்றியும் பேச்சு இருக்கிறது. பறையர்கள் குடியிருக்கிற மனைகள்கூட மிராசுதார்கள் பிடியில் இருந்தன. எதிர்த்துப் பேசினால் வேலையும் போகும், வீடும் போகும். 1892 செப்டம்பர் 30ஆம் தேதியிட்ட 1010ஆம் எண் அரசாணையின் வழியே நிலம் ஒதுக்கும் ஏற்பாடு வந்தது. அது வந்த பாதையையும், வீட்டுமனை எப்படி ஒரு போராட்டக் களமானது என்பதையும் ரூபா விஸ்வநாத் 2014இல் வெளிவந்த தன் நூலில் விரிவாக எழுதியிருக்கிறார். அந்த நிலங்கள் எப்படிக் கைமாறின என்பதும், அவற்றை மீட்கக் கிளம்பியபோது 1994 அக்டோபர் 10இல் ஜான் தாமஸும் ஏழுமலையும் சுட்டுக் கொல்லப்பட்டதும் இந்த இதழின் வாசகர்களுக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

எங்கள் பக்கம் செங்கல்பட்டுபோல மிராசு நாடல்ல. அரியலூர், உடையார்பாளையம் என்ற பாளையங்கள் ஜமீன்களாகி, 1948ஆம் வருஷத்து ஜமீன் ஒழிப்புச் சட்டம்வரை நீடித்தன. நிர்வாகம் வேறு, ஆனால் மனை விஷயம் ஒன்றுதான். நில அளவைப் பதிவுகளிலேயே ஊர் நத்தம் வேறு, சேரி நத்தம் வேறு என்று கோடு போட்டுப் பிரித்தார்கள். சேரி நத்தத்துக்கு வெளியே, பண்ணையார் கொல்லை ஓரத்தில் படியாளாகக் குடிசை போட்டவனுக்கு அந்தக் கோட்டுக்குள்கூட இடமில்லை.

1920 வாக்கில் சென்னை மாகாணத்தில் தொழிலாளர் ஆணையரின் கீழ் 'தாழ்த்தப்பட்டோர்' நலன் ஒரு துறையாகி, வீட்டுமனை கையகப்படுத்திக் கொடுக்கிற வேலை ஆரம்பமானது. இலவசமாக அல்ல, மனையின் விலையைத் தவணையில் கட்டச் சொன்னார்கள். பிறகு 1961இல் குடியிருப்பு வெளியேற்றத் தடைச் சட்டம். 1971இல் குடியிருப்பு உரிமையளிப்புச் சட்டம். இந்த 1971 சட்டத்தை நம் ஆட்கள் போதிய அளவு பேசவில்லை என்பது என் கருத்து. விவசாயத் தொழிலாளி இன்னொருவர் நிலத்தில் குடிசை போட்டிருந்தால் அந்த இடம் அவருக்குச் சொந்தம் என்றது அது. குடிசை நிற்கும் தரை மட்டுமல்ல, குடிசையை வசதியாக அனுபவிக்கத் தேவையான ஒட்டிய இடமும் சேர்த்தி. அதாவது 'பின்னாடி' என்ற பேரில்லாத இடத்தை ஒரு சட்டம் வீட்டின் ஒரு பகுதியாக ஒத்துக்கொண்டது. 1968 டிசம்பர் 25இல் வெண்மணியில் 44 பேர் ஒரே குடிசைக்குள் எரிந்து மூன்று வருஷம்கூட ஆகாத காலம் அது. குடிசை யாருடையது என்பது உயிர்ப் பிரச்சினையாக இருந்த காலத்தில் வந்த சட்டம்.

சட்டம் வந்ததும் மரம் வந்துவிட்டதா? செந்துறைப் பக்கம் ஒரு பெரியவர் சொன்னார்: "சட்டம் ரேடியோவுல வந்துச்சு. நாங்க மனு எழுதிக் குடுத்தோம். மனு குடுத்த அன்னைக்கு ராத்திரியே எங்க அண்ணன் ஒரு முருங்கைப் போத்த வெட்டியாந்து ஊனிட்டாரு. பட்டா வரட்டும் வராம போவட்டும், மொதல்ல மரம் நிக்கட்டும்னாரு." இதை நான் ஒரு அரசியல் நடவடிக்கையாகவே பதிவு செய்ய விரும்புகிறேன். கொடி கட்டுவது, பலகை நடுவது போல முருங்கைப் போத்து ஊன்றுவதும் ஒன்று. முருங்கையை ஏன் எடுத்தார் என்பதற்கும் காரணம் உண்டு. கிளையை வெட்டி நட்டால் போதும், விதைக்குக் காத்திருக்க வேண்டாம், காசு வேண்டாம், தண்ணீர் அதிகம் கேட்காது, பங்குனி வெயிலில்தான் நன்றாகக் காய்க்கும். ஒரு மரத்திலிருந்து சேரி முழுக்கப் போத்து போகும். 1989இல் பெரியகுளம் தோட்டக்கலைக் கல்லூரி விதை முருங்கை ரகமான பி.கே.எம்.-1ஐ வெளியிட்ட பிறகு வியாபாரத் தோட்டங்கள் அதற்கு மாறின. எங்கள் சேரிகளில் இன்னும் நிற்கிறவற்றில் பல பழைய போத்து மரங்கள்தான்.

அடுத்த கட்டம் மூணு சென்ட். 1978இல் அரிஜன நலத் திட்டங்களுக்கான நில எடுப்புச் சட்டம் வந்தது. நிலக்காரர்கள் வழக்குப் போட்டார்கள், உயர் நீதிமன்றத்தில் சட்டம் அடிபட்டது. 1994 நவம்பரில் உச்ச நீதிமன்றம், இழப்பீட்டைத் தவணையில் தருவது பற்றிய பகுதியை மட்டும் நீக்கிவிட்டு, சட்டம் செல்லும் என்றது. இந்த இழுபறியில் கையில் பட்டாக் காகிதம் இருந்தும் நிலம் எங்கே என்று தெரியாமல் நின்றவர்கள் எத்தனையோ பேர். இன்றும் நிற்கிறார்கள்.

மூணு சென்ட் என்பது சுமார் 1,300 சதுர அடி. அதில் வீடு போக, குளிக்கிற இடம் போக, ஆடு கட்ட இடம் போக, மிச்சம் என்னவென்று கணக்குப் பார்த்துக்கொள்ளுங்கள். இருந்தும் காலனி வந்த பிறகுதான் எங்கள் ஆட்கள் பப்பாளி, கொய்யா, வாழை, எலுமிச்சை வைத்தார்கள். பப்பாளிதான் முதலில். எட்டு மாதம், பத்து மாதத்தில் காய்த்துவிடும். காலம் தங்களுக்கு எவ்வளவு கொடுக்கும் என்பதில் நம்பிக்கையில்லாதவர்கள் வைக்கிற மரம் அது. கொய்யா அடுத்தது. மாமரம் வைத்த வீட்டை நான் இரண்டு மூன்று இடத்தில்தான் பார்த்தேன். அந்த வீடுகளில் யாராவது ஒருவர் அரசாங்க வேலையில் இருந்தார்கள்.

பரங்கிக்காய்க்கு ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். பேரிலேயே பரங்கி இருக்கிறது. மிளகாய், தக்காளி, பப்பாளி, கொய்யா, பரங்கி எல்லாம் கடல் தாண்டி அமெரிக்கக் கண்டத்திலிருந்து ஐரோப்பியர் வழியாக வந்தவை. சேரியின் தோட்டத்தில் பாதி இந்த வந்தேறிகள்தான். செப்பேட்டில் எழுதி யாருக்கும் தரப்படாத செடிகள். அதனால்தான் நம்மிடம் வந்து சேர்ந்தனவோ என்று எனக்குத் தோன்றும். இது என் ஊகம், வரலாறு அல்ல.

காலனியோடு வேறொன்றும் நடந்தது. 1980களின் நடுவிலிருந்து தொகுப்பு வீடுகள், 2010இல் கலைஞர் வீட்டுவசதித் திட்டம் என்று கூரை போய்க் கான்கிரீட் வந்தது. ஒழுகாத வீடு, தீ வைக்க முடியாத வீடு. வேண்டாம் என்று சொல்ல எவனுக்கும் உரிமையில்லை. ஆனால் கொடிக்கு ஏற இடமில்லாமல் போனது. பங்குனி வெயிலில் கான்கிரீட் தளத்தில் போட்ட பரங்கிக் கொடி இரண்டு நாளில் கருகும். கீத்துக் கூரை அப்படிச் சுடாது. இப்போது சன்னல் கம்பியிலிருந்து விளக்குக் கம்பத்துக்குக் கயிறு கட்டிப் பீர்க்கை ஏற்றுகிறார்கள். நகரத்தில் இதற்கு 'மாடித் தோட்டம்' என்று பேர், பை கொடுக்கிறார்கள், தேங்காய் நார்க்கழிவு கொடுக்கிறார்கள், பத்திரிகையில் படம் வருகிறது. 2021இல் முதலமைச்சரின் ஊட்டம் தரும் காய்கறித் தோட்டத் திட்டத்தில் கிராம வீடுகளுக்கும் விதைப் பொட்டலம் வந்தது. வாங்கினவர்கள் இருக்கிறார்கள், முளைத்தும் இருக்கிறது. கூரைமேல் காய் பறித்த நம் ஆயாக்களை யாரும் தோட்டக்காரி என்று சொல்லவில்லை என்பதை மட்டும் இங்கே எழுதி வைக்கிறேன்.

தண்ணீருக்கு வருகிறேன். மரம் நிலத்தைக் கேட்டது என்றால் செடி தண்ணீரைக் கேட்டது. ஊர்க் கிணற்றில் இறைக்க முடியாத காலத்தில், யாராவது ஊற்றுவார்களா என்று குடத்தோடு காத்திருந்து வாங்கி வந்த தண்ணீரைச் செடிக்கு ஊற்ற எந்தப் பொம்பளைக்கு மனசு வரும்? ஆகவே சேரியில் செடி குடித்தது எச்சில் தண்ணீரைத்தான். பாத்திரம் விளக்கின தண்ணீர், அரிசி களைந்த கழனியில் மாட்டுக்குப் போக மிச்சம், குளித்த தண்ணீர். எந்த வீட்டில் பிள்ளைகள் அதிகமோ அந்த வீட்டு வாழை நன்றாக இருக்கும் என்று ஒரு சித்தி சொன்னார், குளிக்கிற ஆள் கணக்கு. இப்போது கொள்ளிடத்துக் கூட்டுக் குடிநீர் குழாயில் வருகிறது, ஆனால் தினமும் வருவதில்லை. குழாய் வந்துவிட்டால் தண்ணீர்ப் பிரச்சினை தீர்ந்தது என்று நினைக்கிறவர்கள், 2022 டிசம்பரில் புதுக்கோட்டை மாவட்டம் வேங்கைவயலில் தலித்துகளின் குடிநீர்த் தொட்டியில் மலம் கலக்கப்பட்டதை நினைத்துக்கொள்ளட்டும்.

இன்னொரு தோட்டமும் நமக்கு இருந்தது. அடுத்தவன் நிலத்தில் இருந்த தோட்டம். களை எடுக்கப் போன பொம்பளைகள் மடியில் கட்டிக்கொண்டு வந்த பண்ணைக் கீரை, தொய்யக் கீரை, குப்பைமேனி ஓரத்து முள்ளிக்கீரை. நிலக்காரனுக்குக் களை, நமக்குக் குழம்பு. பின்னாடி இடமில்லாதவர்கள் இந்தக் கீரையால்தான் பிழைத்தார்கள். பெரம்பலூர் பக்கம் மக்காச்சோளமும் பருத்தியும் பெருகி, களைக்கொல்லி வந்து, கூலியும் போனது, கீரையும் போனது. 2017இல் பெரம்பலூர் மாவட்டத்தில் பருத்திக்கு மருந்தடித்தவர்கள் செத்துப்போன செய்தி வந்த பிறகு, பருத்திக் கொல்லை ஓரத்துக் கீரையைப் பறிக்க யாரும் துணிவதில்லை. இப்போது கீரைக்கட்டை டவுனில் காசு கொடுத்து வாங்குகிறார்கள்.

கிராமத்தைப் பற்றி அழகாக எழுதுகிறவர்கள் கொல்லைப்புறத்தைப் பற்றித்தான் அதிகம் எழுதியிருக்கிறார்கள். பவழமல்லி, நந்தியாவட்டை, கிணற்றடி, துளசி மாடம். அந்த ஏக்கத்தில் எனக்குப் பங்கில்லை. 1948 நவம்பர் 4இல் அரசியல் நிர்ணய சபையில் அம்பேத்கர் கிராமத்தைப் பற்றிச் சொன்னதைக் கேட்டு அதிர்ச்சியடைந்தவர்கள், தங்கள் கொல்லைக்கும் சேரிக்கும் நடுவில் இருந்த வேலியைப் பார்த்ததில்லை. அந்த வேலிக்கு முள் வெட்டி அடைத்தது எங்கள் தாத்தாக்கள்.

கடைசியாக வருவாய்த் துறையின் மொழியில் ஒரு விஷயம். புறம்போக்கில் நிற்கும் பலன்தரும் மரத்தை அனுபவிக்க ஒருவருக்குத் தருகிற உரிமையைக் கிராமக் கணக்கில் '2சி பட்டா' என்பார்கள். நிலம் அரசுடையது, மரத்தின் பலன் உங்களுடையது. அதேபோல, 1905ஆம் வருஷத்து ஆக்கிரமிப்புச் சட்டப்படி புறம்போக்கில் பயிர் வைத்தவனுக்கு 'பி மெமோ' கொடுத்து அபராதம் வாங்குவார்கள். அந்த அபராத ரசீதே பின்னாளில் அனுபவத்துக்கு ஆதாரமாகும். நான் போன ஒரு சேரியில் பழைய தகரப் பெட்டியிலிருந்து அப்படிப்பட்ட ரசீதுகளை எடுத்துக் காட்டினார்கள், சாமி படம் மாதிரி மடித்து வைத்திருந்தார்கள். வீட்டில் ஏதாவது மரம் இருக்கிறவர்கள், அது எந்த வருஷம் வைத்தது, யார் வைத்தது, யாரெல்லாம் பார்த்தார்கள் என்று இப்போதே எழுதி வையுங்கள். வயசாளிகள் இருக்கும்போதே கேளுங்கள்.

மேலே சொன்ன முருங்கை இன்னும் நிற்கிறது. போத்து ஊன்றிய அண்ணன் இல்லை, தம்பிதான் இருக்கிறார். போன வருஷம் அளக்க வந்தவர்கள் கல் நட்ட இடம் வீட்டுச் சுவருக்கும் மரத்துக்கும் நடுவில் விழுந்திருக்கிறது. மரம் பக்கத்து நிலக்காரருடையதில் நிற்கிறதாம். மறு அளவை கேட்டு மனு கொடுத்திருக்கிறார்கள், பணமும் கட்டியிருக்கிறார்கள், தேதி இன்னும் வரவில்லை. நான் போனபோது மாசி முடியும் நேரம், பிஞ்சு விட்டிருந்தது. கிளைகளை ஒடித்துச் சேரியில் ஆறேழு வீட்டுக்குப் போத்து கொடுத்திருக்கிறார் அந்தத் தம்பி. எதற்கு என்று கேட்டேன். "இது போனாலும் அது இருக்கும்ல" என்றார்.